யாரும் தொடாத பம்ப்

பசுமைப் பொறியாளர் விருது வாங்கியவர், மேடைத் திரையில் எங்கள் ஜவ்வாது மலைப் பம்ப்பைக் காட்டினார். 'டக், டக்' என்று அது என் காதுக்குள் அடித்தது.

என் எட்டு வயதில் அவர் வைத்தது. டீசலோ கரண்டோ இல்லாமல், ஓடை வேகத்திலேயே தண்ணீர் மேடேறியது. "யாரும் கை வைக்காதீங்க, நான் வந்து பாக்கறேன்" என்றவர் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார்.

ஆறே மாதத்தில் சத்தம் நின்றது. அப்பா பிரிக்கப் போனார்.

"இன்னாத்துக்கு? அவுரு வர்றேன்னு சொல்லிக்கீறாரு" என்று தடுத்த அம்மா, பம்ப்புக்கு மஞ்சள் பூசிவிட்டுக் குடத்தோடு பள்ளத்தில் இறங்கினாள். வருடக்கணக்காக இறங்கினாள்.

மெக்கானிக்கல் முடித்து நானே பிரித்தபோது எல்லாம் துரு. முதலில் தேய்ந்தது ஒரு தோல் வாஷர். அப்பாவின் பழைய செருப்பை வெட்டிப் போட்டிருந்தாலே ஓடியிருக்கும்.

கூட்டம் முடிந்ததும் அவரிடம் கேட்டேன். "அது இன்னும் ஓடுதுங்களா, சார்?"

"ஓடாம? நின்னுபோறதுக்கு அதுல மோட்டாரே இல்லையேம்மா" என்று சிரித்தார்.