பட்டனுக்கு வைத்த பொட்டு

எனக்கு வயது எழுபத்தொன்று. வளர்த்தது நாலு பிள்ளைகள். மூன்று என் வயிற்றில் பிறந்தது, ஒன்று என் அக்கா விட்டுப்போனது. எழுத்துக்கூட்டி வாசிப்பேன், எழுத வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

போன வாரம் பெரிய மகன் புது செல்போன் கொண்டுவந்தான். "ஒண்ண அமுக்கிப் புடிம்மா, நேரா எனக்கு வரும்."

"நீ டவுசர் போட்டுக்கினு திரிஞ்சப்பவே எனக்கு இது தெரியும்டா" என்றேன். சிரித்தான். அவனுக்கு என்ன தெரியும்.

அப்போது ஒரு பட்டுக் கடையில் எனக்கு வேலை. பெருக்கித் துடைப்பேன், புடவை எடுக்க வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பேன். உள்ளறையில் மேனேஜர் மேசைமேல் ஒரு போன் இருந்தது, ஓரத்தில் வரிசையாகப் பட்டன்கள். ஒன்றை அழுத்தினால் முதலாளி வீடு, அடுத்ததை அழுத்தினால் சாயப்பட்டறை. நம்பர் போட வேண்டாம், ரிசீவரை எடுக்கவும் வேண்டாம். குரல் அறை முழுக்கக் கேட்கும். துடைக்கும்போது அதன் பக்கமே போகமாட்டேன். பட்டனுக்குள் ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு பயம்.

வீட்டுக்காரர் தவறிப்போன வருடம் ஆயுதபூஜை வந்தது. புதுப் பட்டும் அரைத்த சந்தனமும் கலந்து கடையே மணத்தது. அந்த மணம் இன்றைக்கும் எனக்கு ஆகாது. மேனேஜர் சந்தனத்தையும் குங்குமத்தையும் என்னிடம் நீட்டினார்.

"எல்லாத்துக்கும் பொட்டு வச்சிடும்மா. நான் பூ வாங்கிக்கினு வந்துடுறேன்."

"நானாங்க?"

"ஏன், உன் கைக்கு என்னம்மா?"

நல்ல மனுஷர். அந்த ஒரு பேச்சில் எனக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது. தராசு, பீரோ எல்லாம் முடித்து போனுக்கு வந்தேன். மொத்தமாக ஒரு பொட்டு வைத்தால் போதாதா, பட்டனுக்குப் பட்டன் வைக்கப் போனேன். முதல் பட்டனிலேயே விரல் அழுந்திவிட்டது. மணி அடித்தது. எப்படி நிறுத்துவதென்று தெரியவில்லை. அந்த நேரத்துக்குத் தினமும் மேனேஜர்தான் கூப்பிடுவார்; அவர் என்றே நினைத்து முதலாளி பேசினார்.

"சொல்லுய்யா. அந்தம்மாகிட்ட சொல்லிட்டியா? முகூர்த்தப் பொடவை எடுக்க வர்றவங்க எதிர்ல தாலியறுத்தவ தண்ணிச் சொம்ப தூக்கிக்கினு நிக்கிறா. பூஜைக்கு முன்னாடியே அனுப்பிடுன்னேனே."

நேரில் பார்த்தால் "வாம்மா, சாப்பிட்டியாம்மா" என்று கேட்கிறவர்.

"நான்தாங்க பேசறேன்" என்றேன்.

 பிறகு, "மேனேஜர் எங்க?"

"பூ வாங்கப் போயிருக்காருங்க."

"வந்தா பேசச் சொல்லு."

மிச்சப் பட்டன்களுக்கும் பொட்டு வைத்தேன், அழுத்தாமல். பாதியில் போட்டுவிட்டுப் போனாள் என்று ஒருவரும் என்னைச் சொல்லக் கூடாது. மேனேஜர் வந்ததும், "ஐயா உங்களப் பேசச் சொன்னாருங்க" என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. சொல்ல மனசில்லாமல்தான் நாளைக் கடத்தியிருக்கிறார், பாவம். சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வேலை போனால் என்ன, வாலாஜாபாத்தில் அரிசி புடைத்து நாலு பேரையும் ஆளாக்கினேன். ஆனால் என் மகளுக்குத் தாலி கட்டும்போது நான் சமையல்கட்டில் நின்றிருந்தேன். ஒதுங்கு என்று யாரும் சொல்லவில்லை. சம்பந்தி வீட்டார் தேடினார்களாம். எனக்கு மேளச் சத்தம் மட்டும் கேட்டது.

இப்போது அந்தக் கடை இல்லை, அந்த மாதிரி போனும் இல்லை. முதலாளிக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வந்தபோது கேட்க அவரும் இல்லை.

எழுதிட்டியாம்மா? மொதல்லேருந்து படி. அவர் பேசின இடத்துல வேகமா போயிடாத.