கேட்டு வாங்கிய கால்

யாரையும் உடனே நம்பிவிடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. காய்கறிக்காரர் தராசைத் தூக்கினால் தட்டைப் பார்க்க மாட்டேன், அவர் விரலைப் பார்ப்பேன். அப்படிப்பட்ட நானே, என் கணவரின் வலது கால் போகவிருந்த அந்தத் தவக்காலத்தில், காலை விட்டுவிட்டு வேறொரு பெண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு உறுவையாறு கிராமத்தில். அவர் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். நாள் முழுக்க பூட்ஸ் போட்டுக்கொண்டு நிற்கிற வேலை. நான் வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். அவருக்குச் சர்க்கரை உண்டு. மருந்துக் கடையிலிருந்து மாத்திரை வாங்கி வந்து கையில் கொடுத்தால் போட்டுக்கொள்வார். ஆஸ்பத்திரி வாசலை மட்டும் மிதிக்க மாட்டார். அவருடைய அண்ணன் இதே சர்க்கரையால் புண் வந்து டவுன் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனவர். ஒரு காலோடு திரும்பி வந்தார். அதன்பிறகு அதிக நாள் இருக்கவில்லை.

தவக்காலம் தொடங்கியதிலிருந்து அவர் போக்கே மாறிவிட்டது. வீட்டில் குளிப்பதை நிறுத்திவிட்டு மோட்டார் கொட்டகைக்குத் தனியாகப் போனார். உள்ளே புழுக்கம் என்று வாசலில் கட்டிலைப் போட்டுப் படுத்தார். வீட்டுக்குள்ளும் சாக்ஸைக் கழற்றுவதில்லை. போதாததற்கு சென்ட் வேறு. கல்யாணத்துக்குக் கூட சென்ட் அடிக்காத மனிதர். என் வெட்டுத்துணி மூட்டையிலிருந்து மெத்தென்ற காட்டன் துண்டுகளாகப் பார்த்துக் காணாமல் போகத் தொடங்கியபோது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். எவளுக்கோ லைனிங் துணி போகிறது.

“இன்னாங்க, என் துணிய யாரு எடுக்குறது?”

“எலி இழுத்துனு போயிருக்கும்.”

“எலிக்கு காட்டன் எது, பாலிஸ்டர் எதுன்னு தெரியுமா?”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மோட்டார் கொட்டகைக்குப் போய்விட்டார்.

குருத்து ஞாயிறு பூசையில் எங்கள் சாமியார், கடவுள் எவ்வளவு பெரியவர் என்று பிரசங்கம் வைத்தார். வானமும் அவருக்குப் போதாதாம். ஆனாலும் நம் மூச்சை விட நமக்குக் கிட்டத்தில் இருக்கிறாராம். எனக்கு அதுவும் சந்தேகம்தான். நான் பார்த்த பெரியவர்கள் யாரும் கிட்டத்தில் வந்ததில்லை. என் மாமியார் கரும்பு வெட்டப் போன இடத்தில் நிலத்துக்காரர் வரப்பில் நின்றபடியே சத்தம் போட்டுத்தான் பேசுவார். ஓட்டு கேட்கிற சமயத்தில் மட்டும் சிலர் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காருவார்கள். பெரியவர் கிட்டத்தில் வந்தால் ஏதோ வேண்டும் என்று அர்த்தம். இப்படி நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே, பெரிய வியாழனுக்குக் கால் கழுவ உட்காருகிறவர்கள் பெயரை வாசித்தார்கள். அதில் என் கணவரும் இருந்தார். ஏன் இவரை, யார் சொல்லி, எதற்காக என்று அதையும் யோசித்தேன்.

இயேசு தம் சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து, பெரிய வியாழன் சாயங்காலம் சாமியார் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவார். எங்கள் ஊரில் அதற்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது. கழுவப்படப் போகிற காலை முதலிலேயே கழுவிவிடுவார்கள். செங்கல் துண்டால் குதிகாலைத் தேய்த்து, நகம் வெட்டி, தேங்காய் எண்ணெய் தடவி, பளபளவென்று கொண்டுபோய்ச் சாமியார் முன்னால் நீட்டுவார்கள். அழுக்குக் காலைக் காட்டினால் அந்த வீட்டுப் பெண்ணுக்குத்தான் கேவலம். நானும் செங்கல் துண்டோடு வந்தேன்.

“வுடு, நானே பாத்துக்குறேன்,” என்று பிடுங்கிக்கொண்டு போனார். சரிதான், என் கை பட்டால் இப்போது கசக்கிறது என்று மனதுக்குள் திட்டினேன்.

கோயிலில் பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்து அவர்மேலேயே கண்ணாக இருந்தேன். எல்லோரும் வலது காலை நீட்டினார்கள்; அதுதான் முறை. சாமியார் ஒவ்வொருவர் முன்னாலும் முட்டி போட்டு, தண்ணீர் ஊற்றித் துடைத்து, முத்தம் கொடுத்துக்கொண்டே வந்தார். என் கணவர் இடது காலை நீட்டினார். வலது காலை பெஞ்சுக்கு அடியில் இழுத்து, வேட்டியால் மூடியிருந்தார். பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

சாமியார் இடது காலைக் கழுவினார், துடைத்தார், முத்தம் கொடுத்தார். ஆனால் எழுந்திருக்கவில்லை. கையை நீட்டியபடியே இருந்தார்.

“அந்தக் காலையும் குடுப்பா.”

இவர் தலையை ஆட்டி மறுத்தார். சாமியார் வயதானவர், முட்டி வலிக்காரர். பாட்டுப் பாடுகிறவர்கள் பாடி முடித்து, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அவர் அப்படியே முட்டி போட்டுக் காத்திருந்தார். கடைசியில் வேட்டிக்கு அடியிலிருந்து சாக்ஸ் போட்ட வலது கால் வெளியே வந்தது. சாமியார் சாக்ஸை மெல்லக் கழற்றினார். உள்ளே நீலப்பூ போட்ட என் காட்டன் துண்டு. சுண்டு விரலுக்குக் கீழே கறுத்த புண்.

தேடிக்கொண்டிருந்த துணி கிடைத்துவிட்டது. சாமியார் அந்தக் காலுக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. மடியில் இருந்த துண்டின்மேல் அதை ஏந்தி, அப்படியே குனிந்து முத்தம் கொடுத்தார். என் கணவர் சத்தம் போட்டு அழுதார். அண்ணன் சாவுக்குக்கூட அவர் அப்படி அழவில்லை.

மறுநாள் பெரிய வெள்ளி. கோயிலுக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சுண்டு விரலை எடுத்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கால் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

அத்தோடு விட்டுவிட நான் என்ன நல்லவளா? அவர் வீடு திரும்பியதும் நேராகச் சாமியாரிடம் போய் நின்றேன்.

“சாமி, உங்களுக்கு யாரு சொன்னது? அவரே பாவசங்கீர்த்தனத்துல சொன்னாரா?”

“யாரும் சொல்லலம்மா.”

“அப்புறம் எப்பிடி தெரிஞ்சுது?”

தரிசனம், கனவு, காதில் கேட்ட குரல் என்று ஏதாவது சொல்வார், பிடித்துவிடலாம் என்று தயாராக நின்றேன்.

“குனிஞ்சேன், நாத்தம் அடிச்சுதும்மா. அவ்ளோதான்.”

ஒரே வீட்டில் இருந்துகொண்டு சென்ட் வாசனையைத்தான் நான் பிடித்தேன். வானம் போதாத கடவுள் எவ்வளவு கிட்டத்தில் இருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் எனக்கு ஓரளவு பிடிபட்டது. நாற்றம் தெரிகிற அளவுக்கு. வீடு வரும்வரை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தேன்.

தினமும் காலைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். என் குணத்துக்கு ஏற்ற வேலை. என் கணவர் வேலையிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் நான் கீழே உட்கார்ந்து, வலது காலை மடியில் வைத்து, விரல்களைப் பிரித்துப் பார்த்து, மூக்கை வைத்து மோந்து பார்ப்பேன்.

“இன்னும் என்மேல சந்தேகமாடி?”

“ஆமா. அந்தக் காலையும் குடுங்க.”