மழைமேல் பழி போடுகிறவர்

உள்ளங்கையைச் சுவரில் அழுத்தி எடுத்து முகர்ந்து பார்க்கிறார் தனுஷ்கோடி. பிறகு வீட்டுக்காரர்களிடம் திரும்பி, "மழத் தண்ணிதான், வேறொண்ணுமில்ல" என்கிறார். அருப்புக்கோட்டையில் கடைசியாக மழை பெய்தது ஐப்பசியில், இது சித்திரை. கண்மாயெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. "எந்த ஊரு மழைய்யா?" என்று கேலி செய்யாத ஆளில்லை. அவர் காது கேளாதவர் போல வாளியை நகர்த்துவார்.

வயது ஐம்பத்து மூன்று. சுவரில் பூஞ்சணம் பிடித்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். காய்ந்த ஊரில் ஏது பூஞ்சணம் என்று வெளியூர்க்காரர்கள் சிரிக்கலாம். நூல் அறாமலிருக்கத் தறி ஓடும் வீட்டில் தண்ணீர் தெளித்துச் சன்னலைச் சாத்தி வைக்கிறார்கள். சுவர் பாவம், பூக்காமல் என்ன செய்யும்? "காஞ்சதச் சொரண்டுனா வீடு பூராம் வெதச்ச மாதிரி" என்று முதலில் நனைப்பார். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு சுரண்டி, இரண்டு நாள் ஆறப்போட்டு, அப்புறம்தான் பூஞ்சணத்தைக் கொல்லும் மயில்துத்தம் கலந்த சுண்ணாம்பு. நகக்கண்ணெல்லாம் நீலம். பந்தியில் அந்தக் கையைப் பார்த்துத் தள்ளி உட்கார்ந்தவர்களும் உண்டு.

ஒரு காலத்தில் இப்படி மழுப்புகிற ஆளில்லை. பூஞ்சணம் ஏறிய உயரத்தைப் பார்த்தே வீட்டு நடப்பைப் புட்டுப்புட்டு வைப்பார். சோசியக்காரன் தோற்றான் என்று தெருவே மெச்சும். மனுசனுக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று.

எண்பத்தாறில் கோகிலாம்பாள் வீட்டில் வேலை. மகள் தங்கச்செல்விக்குப் பூ வைக்கத் திருச்சுழியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் முடிக்க வேண்டும். அவர்களோ முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டார்கள். "இந்தக் காட்டுல ஏதுப்பா இம்புட்டு ஈரம்?" என்றார் மாப்பிள்ளையின் பெரியப்பா. கேட்டால் போதாதா?

"மழையுமில்ல, தர ஈரமுமில்ல. தெனமும் கதவச் சாத்திக்கிட்டு உள்ளாறயே கனத்த துணியக் காயப்போடுறாக. ஜமுக்காளமா இருக்கும்" என்றார் தனுஷ்கோடி.

"தெனமுமா? இவுக வீட்ல கைப்பிள்ள கூட இல்லையே" என்றாள் மாப்பிள்ளையின் தாயார்.

கோகிலாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள். உள்ளறைக் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. இருபது வயதுப் பெண்ணுக்குத் தூக்கத்தில் படுக்கை நனைகிற நோவு. ஊர் அறியாமல் இருக்கத்தான் அந்தத் துணி வெயிலையே காணாமல் கிடந்தது. வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள், போனவர்கள் போனவர்கள்தான். தனுஷ்கோடி கூலி வாங்காமல், வாளியைக்கூட எடுக்காமல் வெளியேறினார். நாக்கை அறுத்துப் போட்டுவிடலாம் போலிருந்தது அவருக்கு. அன்றிலிருந்து எல்லா வீட்டிலும் மழைதான் குற்றவாளி. அந்தத் தெருவுக்குள் அப்புறம் பத்து வருசம் அவர் கால் வைக்கவில்லை.

போன மாதம் தங்கச்செல்வியே தேடி வந்தாள். தாயார் காலமாகிவிட்டாள், தனியாக இருந்துகொண்டு பவர்லூம் செட்டில் வேலை பார்க்கிறாள்.

"செவுரு மறுபடியும் பூத்திருச்சு அண்ணாச்சி. வேற ஆளக் கூப்பிட்டா எதனாலன்னு கேப்பாக. ஒங்களுக்குத்தான் தெரியுமே."

அவள் குத்திக்காட்டவில்லை. இருந்தும் அவர் வாளியும் துண்டும் எடுக்க அவசரமாக உள்ளே திரும்பினார்.

போனார். நனைத்தார், சுரண்டினார். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கடைசியில் சுவரைப் பார்த்தபடியே, "வெயில்ல காயப்போட்டா செவுரு தன்னால சரியாயிரும் தாயி" என்றார்.

 "எங்கம்மாதான் பயந்துச்சு. இனி யாருக்கு ஒளிக்க?" என்று சொல்லி, ஈர ஜமுக்காளத்தை அள்ளிப் போய்த் தெருப்பக்கக் கட்டைச்சுவரில் விரித்தாள். பகல் பதினோரு மணி. குழாயடியில் பேச்சு நின்றது. காற்றுக்கு ஜமுக்காளம் நழுவியது.

தனுஷ்கோடி வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து அதன் ஒரு முனையைப் பிடித்தார். நிமிர்ந்து யாரையும் பார்க்க அவரால் முடியவில்லை. பிடித்த முனையை விடவுமில்லை.