ஏழு நாள், மூன்று மாநிலம், ஒரு ஞாயிற்றுக்கிழமை ட்ரயல்

வருகிற பொங்கல் விடுமுறையோடு நாலு நாள் லீவையும் சேர்த்து, சைக்கிளிலேயே தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகா சுற்றிவரத் திட்டம். ஏழு நாள், சுமார் அறுநூற்று முப்பது கிலோமீட்டர். இதை எழுதும்போதே கால் பெடல் தேடுகிறது, போங்கள்! இந்த மாதிரி ஒரு சுற்றுக்குப் பாதை போட நினைப்பவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. டூர் பற்றியது இல்லை. டூருக்கு முன்னால் டிசம்பர் இரண்டாவது ஞாயிறன்று நாங்கள் ஓட்டிப் பார்த்த ட்ரயல் பற்றியது.

நாங்கள் என்றால் நானும் என் மனைவி ஜெயந்தியும். எனக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. வருகிற பீஸை அளந்து, சரியாக இருந்தால் ஓகே, இல்லாவிட்டால் ரிஜெக்ட் போடுகிற க்வாலிட்டி ஆள். ஜெயந்தி காக்களூர் தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலை பார்க்கிறாள். வீடு வேப்பம்பட்டு. நான் கம்பெனி பஸ்ஸில் போய்வருவேன், ஞாயிறு காலைகளில் மட்டும் என் ரேஸ் சைக்கிளை எடுப்பேன். மெல்லிசு டயர், பதினெட்டு கியர், ஒரு விரலில் தூக்கலாம். ஜெயந்தியிடம் முன்னால் கூடை வைத்த சாதாரண லேடீஸ் சைக்கிள்தான். கியர் கிடையாது.

முதலில் போட்ட பாதை இது. வேப்பம்பட்டிலிருந்து திருவள்ளூர், ஊத்துக்கோட்டை வழியாகக் காளஹஸ்தி முதல் நாள், சுமார் நூறு கிலோமீட்டர். இரண்டாம் நாள் திருப்பதி தொட்டுச் சித்தூர். மூன்றாம் நாள் பலமனேர் ஏறி முல்பாகல். நாலாம் நாள் கோலார், மாலூர், ஓசூர். அங்கிருந்து கிருஷ்ணகிரி வழியாக வாணியம்பாடி, அடுத்த நாள் ராணிப்பேட்டை, கடைசி நாள் அரக்கோணம் வழியாக வீடு. வரைபடத்தில் பார்த்தால் கோணல்மாணலாக ஒரு வட்டம் வரும். மூன்று ராத்திரி தூங்காமல் போட்ட வட்டம் அது.

ஜெயந்திக்கு ஒரே ஒரு ஆசை. ஒவ்வொரு மாநில எல்லையிலும் இருக்கிற வரவேற்புப் பலகைக்குக் கீழே சைக்கிளை நிறுத்தி ஒரு போட்டோ. "கல்யாணம், சாவு, காதுகுத்து, இதுக்குத்தான் இத்தினி வருசமா லீவு போட்டுகினு கீறேன். ஒரு தபா எனக்குன்னு போட்டா இன்னா?" என்று கேட்டாள். கேட்டதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் அடுத்த நாளே மனசு பயப்பட ஆரம்பித்தது. பலமனேர் ஏற்றத்தில் கியர் இல்லாத சைக்கிளா? எனவே சித்தூரிலிருந்து நேராக வேலூருக்கு இறங்குகிற மாதிரி பாதையைச் சுருக்கி, கர்நாடகாவை அப்படியே வெட்டிவிட்டேன்.

"கோலாரக் காணோம்?" என்றாள் வரைபடத்தைப் பார்த்து.

"அந்த மேடு உனக்கு ஆவாது ஜெயந்தி."

"உன்கிட்ட சொன்னுச்சா மேடு?"

வாக்குவாதம் முற்றி, கடைசியில் எங்கள் கம்பெனி வழக்கத்துக்கே வந்து நின்றேன். புது உருப்படி எதுவானாலும் முதலில் ட்ரயல். ட்ரயல் பாஸ் ஆகாமல் உற்பத்தி கிடையாது. ஒரே நாளில் சுமார் நூறு கிலோமீட்டர், அதில் ஏரிக்கரை, எல்லை ரோடு, லாரி ரோடு மூன்றும் இருக்க வேண்டும். சைக்கிளை ஏதாவது வண்டியில் ஏற்றினால் ஃபெயில், டூர் கிடையாது. பாஸ் ஆனால் கர்நாடகா திரும்ப வரும்.

"சரி. ஆனா ரூலு ரெண்டு பேருக்கும்தான்," என்றாள். நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். திங்கட்கிழமை அவள் லீவு கேட்க வேண்டும், அதனால் ஞாயிறு சாயங்காலத்துக்குள் முடிவு தெரிந்தாக வேண்டும்.

காலை ஐந்தேகாலுக்குக் கிளம்பினோம். திருவள்ளூர் வரை பன்னிரண்டு கிலோமீட்டர், பால் வண்டிகளைத் தவிர ரோடு நம்முடையது. செவ்வாப்பேட்டை, புட்லூர், காக்களூர். காக்களூர் திருப்பத்தில் ஜெயந்தியின் சைக்கிள் தானாகவே தொழிற்பேட்டைப் பக்கம் வளைந்தது, நான் கத்தி நேராக்கினேன். "பழக்க தோசம்," என்று சிரித்தாள். ஆறு மணிக்குத் திருவள்ளூரில் டீ, இருவருக்கும் முப்பது ரூபாய்.

பூண்டி ஏரியை அந்த நேரத்தில் பார்க்க வேண்டும். மழை முடிந்து தண்ணீர் தளும்பிக்கொண்டு நிற்க, கரையோரம் கொக்கும் நாரையும் நாஷ்டாவுக்கு வரிசையில் நிற்கின்றன. ஊத்துக்கோட்டைக்கு நல்ல தார் ரோடு இருக்கிறது. ஆனால் பாதை போட்டவன் நானாயிற்றே, சும்மா இருப்பேனா? ஆந்திராவிலிருந்து பூண்டிக்குத் தண்ணீர் வருகிற கிருஷ்ணா கால்வாயின் கரை மேலேயே போகலாம், வண்டி நடமாட்டம் இருக்காது, ஜெயந்திக்குப் பயமில்லாமல் இருக்கும் என்று மொபைலில் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

கரை அருமையான கரைதான், குறை சொல்ல மாட்டேன். ஒரு பக்கம் ஓடுகிற தண்ணீர், மறு பக்கம் நெல் வயல், நடுவில் நாங்கள் இரண்டே பேர். நான் பாட்டே பாடிவிட்டேன். இரண்டாவது பாட்டில் பின்சக்கரம் உஸ்ஸென்றது. சீமைக் கருவேல முள். கரை நெடுக வெட்டிப் போட்டிருக்கிறார்கள், மொபைலில் முள் தெரியுமா? கொண்டுவந்த இரண்டு ட்யூபில் ஒன்றை மாட்டினேன். மூன்று கிலோமீட்டர் தாண்டி முன்சக்கரம். இரண்டாவது ட்யூபும் காலி. ஜெயந்தியின் சைக்கிளும் அதே முள் மேல்தான் வந்தது. ஒன்றும் ஆகவில்லை.

"உன் டயரு மட்டும் எப்படி?" என்றேன், எரிச்சலை மறைக்காமல்.

"நான் டெய்லி போற சந்துல பூரா லேத்துப் பட்டற மாமா. இரும்புச் சுருளு கொட்டிக் கெடக்கும். அங்க வேல செய்றவங்க எல்லாரும் பழைய ட்யூப நீளமா வெட்டி, டயருக்குள்ள பட்டையா வெச்சிதான் ஓட்டுவோம். முள்ளாவது ஆணியாவது."

நாள் முழுக்க அரை மில்லிமீட்டர் பிசகைக் கண்டுபிடிக்கிற க்வாலிட்டி ஆள் நான். என் வீட்டு வாசலில் ஆறு வருஷமாக நிற்கிற டயருக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது!

ஒன்பதேகாலுக்கு ஊத்துக்கோட்டை. பொங்கல், வடை, இரண்டு காபி, நூற்று நாற்பது ரூபாய். ஊரைத் தாண்டினால் ஆந்திரா. தெலுங்கில் எழுதிய வரவேற்புப் பலகையைப் பார்த்ததும் ஜெயந்தி கத்திய கத்தலில் பக்கத்து வயலில் மேய்ந்த மாடு நிமிர்ந்து பார்த்தது. முதல் போட்டோ அங்கே. சத்தியவேடு வரை சுமார் பதினேழு கிலோமீட்டர், எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது. "என் பின்னாலயே வா, காத்த நான் தாங்கிக்கிறேன்," என்று பெரிய மனசோடு சொன்னேன். பாதி வழியில் அவள் முன்னாலும் நான் பின்னாலுமாக மாறியிருந்தோம், அது எப்போது நடந்தது என்று கேட்காதீர்கள்.

வரதய்யபாளையத்தில் மதியச் சாப்பாடு, தலைக்கு நூறு ரூபாய், பப்பு என்கிற பருப்பும் நெய்யும் அளவில்லை. அதன் பிறகு தடாவுக்குச் சுமார் பதினைந்து கிலோமீட்டர் பாதை, மரநிழல், சொர்க்கம். அந்தச் சொர்க்கத்தின் கடைசியில், தடாவுக்குள் நுழையும்போது, என் பின்டயரே பக்கவாட்டில் கிழிந்து ட்யூப் வெளியே எட்டிப் பார்த்தது.

தடாவில் ஒரு பஞ்சர் கடைக்காரர் சக்கரத்தைக் கையில் சுழற்றிப் பார்த்தார். "நைனா, இது இன்னா ட்யூபு, சலைன் பாட்டிலு ஒயரு மாரி கீது? இந்த சைஸு டயரு இங்க லேது. மெட்ராஸ்லதான் கெடைக்கும்."

மணி ஒன்றே முக்கால். கும்மிடிப்பூண்டிக்கு இன்னும் சுமார் பதினெட்டு கிலோமீட்டர், முழுக்கக் கல்கத்தா ஹைவே, லாரிகளின் ராஜ்ஜியம். அங்கே ஜெயந்தியின் அக்கா வீட்டில் அன்றிரவு தங்குவதாக ஏற்பாடு. மீன் பெட்டிகளை இறக்கிவிட்டு எளாவூருக்குத் திரும்புகிற ஒரு குட்டி யானை கடைக்கு எதிரில் நின்றது. குட்டி யானை தெரியும்தானே, அந்தச் சின்ன சரக்கு வண்டி.

"டப்பு முந்நூறு குடு சார், கும்மிடிப்பூண்டிலயே எறக்கிடறேன்," என்றான் டிரைவர்.

"ரெண்டு சைக்கிளுக்கும் சேர்த்து ஐந்நூறு தரேன்," என்றேன்.

"ரெண்டா? எதுக்கு ரெண்டு?" என்றாள் ஜெயந்தி. "என் சைக்கிளுக்கு இன்னா கேடு?"

"லாரி ரோடு ஜெயந்தி. தனியா வேணாம். ரூல விடு, நான் ரூல எடுத்துட்டேன்."

"நீ எடுப்ப. என் கோலாரு போயிடும்." முகத்தைத் துணியால் துடைத்துக்கொண்டாள். "காக்களூருக்கு நான் போற ரோட்டுல லாரி இல்லாம இன்னா, பூவா தூவிகினு இருக்காங்க? ஓரமா போவேன். நீ மீனு வண்டில பத்திரமா வா." பெடலை மிதித்துப் போயே போய்விட்டாள்.

வண்டியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மீன் நாற்றம் குடலைப் பிடுங்கியது. எனக்கு அதுவா கவலை? ஒவ்வொரு ட்ரெய்லரும் இடிக்கிற மாதிரி கடக்கும்போது ஜெயந்தி நினைப்புதான். தலையை வெளியே நீட்டி நீட்டிப் பார்த்தேன், ஜெயந்தியைக் காணவில்லை.

"இன்னா சார், அக்கா சைக்கிள்ல போவுது, நீ வண்டில குந்திகினு வர்ற?" என்றான் டிரைவர்.

"டயர் கிழிஞ்சி போச்சுப்பா."

"அதான் பாத்தனே. அக்கா தெனிக்கும் ஓட்டுமா?"

"வேலைக்குப் போய்வரும். போக ஒன்பது கிலோமீட்டர். வர ஒன்பது," என்றேன். சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. ஒரு நாளைக்குப் பதினெட்டு. வாரத்துக்கு நூற்றுக்கு மேல். மழை, வெயில், மாசக் கடைசி ஓவர்டைம் எல்லாவற்றிலும். ஞாயிறு காலையில் இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் போட்டோ போடுகிற நான் என்னைச் சைக்கிள்காரன் என்று சொல்லிக்கொள்கிறேன். அவளுடையதை நான் சைக்கிள் ஓட்டுகிற கணக்கில் சேர்த்ததே இல்லை. வெட்கமாக இருந்தது, சொல்லிவிடுகிறேன்.

எளாவூர் நெருங்கும்போது எல்லாம் நின்றுபோனது. முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி குறுக்கே பழுதாகி நிற்க, பின்னால் கண்ணுக்கு எட்டிய வரை லாரிகள். "பேஜாரு சார், ஒரு மணி நேரமாவது ஆவும்," என்று டிரைவர் என்ஜினை அணைத்தான்.

அப்போதுதான் மணிச்சத்தம் கேட்டது. லாரிகளுக்கும் ரோட்டோர மண்ணுக்கும் நடுவில் இருந்த ரெண்டடிச் சந்தில், கூடை வைத்த சைக்கிள் டிங் டிங்கென்று வந்துகொண்டிருந்தது. வழியில் போட்டோவுக்கு ஒதுங்கி நின்றபோது எங்கள் வண்டி அவளைத் தாண்டியிருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. வியர்வை வழிய, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, பின்னாலிருந்து தள்ளுகிற கடல் காற்றோடு பறக்கிறாள். லாரி ஜன்னல்களில் இருந்து தலைகள் நீண்டன. யாரோ ஒருவர் ஹாரன் அடித்து உற்சாகப்படுத்தினார், எங்கள் டிரைவரும் அடித்தான். "ஜெயந்தீ!" என்று கத்தினேன். திரும்பவில்லை, கையை மட்டும் தூக்கி ஆட்டிவிட்டுப் போனாள். எனக்கு வந்த பெருமையில் மீன் நாற்றமே மறந்துவிட்டது. சத்தியமாகக் கண்ணில் தண்ணீர் வந்தது.

நான் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலேகால். ஜெயந்தி குளித்து, தலை துவட்டி, இரண்டாவது தோசையில் இருந்தாள். மொபைலை என் பக்கம் தள்ளினாள். எல்லையில் தமிழ்நாட்டின் வரவேற்புப் பலகை, கீழே அவள் சைக்கிள், ஓரத்தில் அவளுடைய பாதி முகம், வாய் நிறையச் சிரிப்பு.

"கர்நாடகாவ திருப்பிப் போடு," என்றாள்.

"போட்டாச்சு. பலமனேர் மேடு?"

"தள்ளிகினு ஏறுவேன். வண்டில ஏத்தக் கூடாதுன்னுதான் ரூலு, தள்ளக் கூடாதுன்னு இல்ல."

"சரி. அப்ப ரெண்டு பேரும்..."

"ரெண்டு பேரு யாரு? நீதான் சைக்கிள வண்டில ஏத்திட்டியே. ஃபெயிலு." அக்கா அடுப்படியிலிருந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. என் முகத்தைப் பார்த்துவிட்டு ஜெயந்தி குரலை இறக்கினாள். "உங்க கம்பெனில ரிஜெக்ட் ஆன பீஸ இன்னா பண்ணுவீங்க, தூக்கிப் போட்ருவீங்களா?"

"ரீவொர்க் பண்ணுவோம். சரி பண்ணி மறுபடி டெஸ்டுக்கு அனுப்புவோம்."

"அப்ப நீ ரீவொர்க்கு."

இந்த மாதிரி சுற்றுக்குத் திட்டமிடுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் ஒரு முழு நாள் ட்ரயல் கட்டாயம் ஓட்டுங்கள், சுமையோடு ஓட்டுங்கள். கால்வாய்க் கரைப் பக்கம் போகாதீர்கள், பூண்டியிலிருந்து ஊத்துக்கோட்டைக்குத் தார் ரோடே போதும். மெல்லிசு டயர் வேண்டாம், எந்தப் பஞ்சர் கடையிலும் கிடைக்கிற அளவுதான் வேண்டும், உள்ளே பழைய ட்யூப் பட்டை வையுங்கள். தடா முதல் கும்மிடிப்பூண்டி வரை ஓரமாக, பகலில் மட்டும் ஓட்டுங்கள், தண்ணீர் இரண்டு பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தச் செலவு எங்களுக்கு எழுநூறு ரூபாய்க்குள். அதில் முந்நூறு எதற்கு என்று உங்களுக்கே தெரியும்.

ஜெயந்திக்குத் திங்கட்கிழமையே லீவு பாஸ் ஆகிவிட்டது. நான் ரேஸ் சைக்கிளை ஓரங்கட்டிவிட்டு, எதிர்வீட்டுக்காரரின் பழைய கனத்த சைக்கிளை வாங்கி வந்திருக்கிறேன். இதை எழுதுகிற சனிக்கிழமை சாயங்காலம், வாசலில் ஜெயந்தி அதன் டயரைப் பிரித்துப் போட்டு, பழைய ட்யூபைக் கத்தரித்து உள்ளே பட்டையாக வைத்துக்கொண்டிருக்கிறாள். நாளை காலை ஐந்தேகாலுக்கு அதே நூறு கிலோமீட்டர், நான் ஓட்ட வேண்டும், அவள் கூடவே வந்து பார்ப்பாள். கர்நாடகா எல்லைப் பலகைக்குக் கீழே ஒரு சைக்கிள் நிற்பது உறுதியாகிவிட்டது. இரண்டாவது நிற்குமா என்பது நாளை என் கையில், இல்லையில்லை, காலில் இருக்கிறது.