அண்ணி போட்ட உப்பு

எங்கள் அண்ணி மோரில் உப்புப் போடுகிற கை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. காலையில் தூக்குவாளி நிறைய மோர் கரைத்து, ஒரு பிடி கல்லுப்பைப் போட்டுக் கலக்கி அண்ணனிடம் கொடுத்தனுப்புவார். அண்ணனுக்கு விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனி ஒன்றில் சூளை வேலை. வேர்வையில் உப்பெல்லாம் போய்விடுவதால்தான் கால் துவள்கிறது என்று சூளைக்காரர்கள் எல்லோருமே உப்பு மோர் குடிப்பார்கள். அண்ணனுக்கு மற்றவர்களைவிட அதிகமாகத் துவண்டது. அண்ணியும் அதிகமாகவே போட்டார்.

முப்பத்தேழு வயதில், சூளை வாசலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது, பிரஷர் ரொம்ப நாளாகவே இருந்திருக்கும் என்றார்கள். அதே சூளையில் வேலை பார்த்த அப்பாவும் நாற்பது வயதில் அப்படித்தான் போனார். அதைச் சூளை வெக்கை என்று ஏற்றுக்கொண்ட எங்களுக்கு, இந்த முறை பழிபோட ஓர் ஆள் கிடைத்தார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எழவு வீட்டில் அத்தனை பேர் முன்னால், "உப்பைக் கொட்டிக் கொட்டியே எங்கண்ணனைக் கொன்னுட்டீங்களே" என்று கத்தினேன். காரியம் முடிந்ததும் அண்ணி ஐந்து வயது மகளைத் தூக்கிக்கொண்டு வேப்பூரில் இருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டார். நான் ஒரு போன்கூடப் பண்ணவில்லை.

பதின்மூன்று வருஷம் கழித்து எனக்கும் பிரஷர். வகுப்பில் பாடம் நடத்தும்போதே கால் துவண்டது. மூன்று மாத்திரை போட்டும் இறங்கவில்லை. புதுச்சேரியில் ஒரு டாக்டரம்மா, அப்பாவும் அண்ணனும் எப்படி இறந்தார்கள் என்று கேட்டபிறகு ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினார். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பி ஒரு ஹார்மோனை அளவில்லாமல் சுரக்கிறதாம். அது உப்பை உடம்பிலேயே பிடித்துவைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடும். கால் துவண்டது அதனால்தான். எந்தத் தலைமுறையிலோ இரண்டு மரபணுக்கள் தப்பாக ஒட்டிக்கொண்டு, அது அப்பா வழியாக எங்களுக்கு வந்திருக்கிறது. ஒரு சின்ன மாத்திரையில் அடங்குகிற வியாதி! அண்ணன் மகளுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, உடனே கூட்டிவாருங்கள் என்றார். உப்பால் வந்ததா என்று கேட்டேன். உப்பால் வரவில்லை, ஆனால் உப்பு சேரச் சேர ஏறும் என்றார்.

வேப்பூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது ஒரே பயம். வியாதி எங்கள் ரத்தத்தில் இருந்தது, உங்கள்மேல் தப்பில்லை என்று அண்ணியிடம் சொல்லிவிடலாம். மகளுக்கு உப்பைக் குறையுங்கள் என்பதையும் சொல்லாமல் வர முடியாதே. சொன்னால் பழையபடி அதே பழிதான்.

அண்ணி எதுவும் கேட்காமல் சாப்பாடு போட்டார். சாம்பாரிலும் உப்பு இல்லை, ரசத்திலும் இல்லை. மறந்துவிட்டாரோ என்று நிமிர்ந்தேன். மகள் சிரித்தாள்.

"எங்க வூட்ல எப்பவுமே இப்படித்தான் அத்தை. அம்மா கையால உப்பே போட மாட்டாங்க."

தட்டை நகர்த்தி வைத்தேன். டாக்டரம்மா சொன்னது எல்லாவற்றையும் அண்ணியிடம் அப்படியே சொல்லிவிட்டேன். மறுநாளே மூவரும் புதுச்சேரிக்குப் போனோம். அவளுக்கும் இருந்தது. இவ்வளவு நாள் பிரஷர் ஏறாமல் இருந்ததற்கு உப்பில்லாத சாப்பாடும் ஒரு காரணம் என்றார் டாக்டரம்மா. இப்போது அவளும் என்னைப்போலத் தினமும் அந்த மாத்திரையைப் போடுகிறாள்.

ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"அழாத பாப்பா. அன்னிக்கு நீ சொன்னதுதானே இவளைக் காப்பாத்தியிருக்குது" என்றார்.

ஆறுதலுக்காகத்தான் சொன்னார். அதற்குப் பதிலாக என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.