மரித்தோர் செபத்தில் அப்பா பெயர்

இன்று திருநெல்வேலி மாதா கோயிலில் அம்மாவின் சவப்பெட்டியருகே சாம்பிராணி புகைந்ததும், கடல் அரித்துக்கொண்டுபோன எங்கள் ஊர் ஓலைக்கோயிலும் அதன் ஈர மணல்தரையும் நினைவுக்கு வந்தன. அங்கே பங்குச் சாமியார் மரித்தவர்களுக்காகப் பெயர் சொல்லிச் செபிப்பார். மீன்பிடிக்கப் போய்த் திரும்பாத அப்பாவின் பெயர் மட்டும் அதில் வராது.

"அவுக பேர வாசிச்சிராதீய சாமி, வந்துருவாக" என்பாள் அம்மா.

"மரிச்ச ஆத்துமா தனக்குன்னு செபிக்க முடியாதும்மா. நாம செபிச்சாத்தான் கரையேறும்" என்றார் அவர் ஒருநாள்.

அதிலிருந்து, "செத்திருந்தா நம்ம செபமில்லாம தவிச்சுக் கெடப்பாகளே" என்று அம்மா அழுவாள். ஆனாலும் பெயர் கொடுக்கமாட்டாள்.

இன்று பூசை தொடங்குமுன் இங்குள்ள சாமியார் என்னிடம் பெயர் கேட்டார். அம்மா பெயரைச் சொன்னேன். அவளுக்குக் கேட்டுவிடுமோ என்று பெட்டியைப் பார்த்துக்கொண்டே, மெல்ல அப்பா பெயரையும் சொன்னேன்.