சுண்ணாம்பு பூசிய கால்சட்டை

அல்சூரில் எங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்க இன்று சுண்ணாம்பு நீற்றினேன். வாளியிலிருந்து ஆவி எழும்பியதும் அண்ணன் அந்தோணியின் கால்சட்டை நினைவுக்கு வந்தது.

அவன் ஹைஸ்கூல் டென்னிஸ் டீமில் ஆடினான். டீமை நடத்திய ஆரோக்கியம் சார் இரண்டே சட்டம் வைத்திருந்தார். வெள்ளை உடுப்பு இல்லாதவன் ஆடக்கூடாது. பந்து கோட்டில் பட்டதா என்று சந்தேகம் வந்தால் பாயிண்ட் எதிராளிக்கு.

கடைசி மாட்ச் அன்று, அம்மா துவைத்ததில் நீலம் கூடிப்போய் அவனுடைய ஒரே கால்சட்டை வானத்தின் நிறத்தில் இருந்தது. அண்ணன் மைதானத்துக்குப் போய், கோடு போடும் சுண்ணாம்பை அதன்மேல் பூசிக்கொண்டான். நானும் பின்னாலேயே போயிருந்தேன்.

சார் அவனைச் சுற்றிவந்து பார்த்தார். "வெள்ளைதான். போய் ஆடுடா."

சர்வ் போடக் கால்சட்டைப் பைக்குள் வைத்த பந்துகளில் சுண்ணாம்பு ஒட்டியது. எதிராளி அடித்து வெளியே விழுந்த பந்திலும் அது இருந்தது. "கோட்டுல படாம எப்படிடா வெள்ளையாச்சு?" என்று அவன் கேட்டான். அண்ணன் வாதாடாமல் பாயிண்டைக் கொடுத்தான். மூன்று முறை கொடுத்தான். பிறகு பந்துகளைத் துடைத்து, பைக்குள் வைக்காமல் இடது கையிலேயே பிடித்து ஆடி ஜெயித்தான்.

வீட்டில் பார்த்தால் தொடை வெந்திருந்தது. அம்மா தேங்காய் எண்ணெய் தடவினாள். "இனிமே நீலமே போடாதம்மா," என்றான்.

"சுவத்துக்கு நீலம் கலக்கட்டுமாங்க?" என்று இப்போது மனைவி கேட்டாள்.

"ஒரு சிட்டிகை போதும்," என்றேன்.